‘நிர்வாகத் தொலைவு’ வேண்டாம், ‘நம்பக வரிசை’ எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரே இடத்துக்குப் பலர் வழி சொன்னால் யார் சொல்வதைத் திசைவி (ரூட்டர்) முதலில் நம்ப வேண்டும் என்று காட்டும் எண்தான் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘நிர்வாகத் தொலைவு’ என்று அக்கா முன்மொழிந்திருந்தார். எனக்கு உடன்பாடில்லை. நிர்வாகமும் இல்லை, தொலைவும் இல்லை. மூலச்சொல்லில் இருக்கிற குழப்பத்தையும் சேர்த்துத்தான் தமிழுக்குக் கொண்டுவருகிறோம்.

பிழை தேடும்போதுதான் இது உறைக்கும். 10.20.0.0/16 என்ற வலையமைப்புக்கு ஒரு திசைவியில் ரிப் என்ற ரூட்டிங் நெறிமுறை ஒரு வழி சொல்கிறது, ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை இன்னொரு வழி சொல்கிறது. ரிப்பின் கணக்கில் 2 ஹாப் (தாண்ட வேண்டிய திசைவிகளின் எண்ணிக்கை), ஓஎஸ்பிஎஃப்பின் கணக்கில் காஸ்ட் (இணைப்புகளுக்குக் கொடுத்த செலவு எண்களின் கூட்டல்) 40. புதிதாக வேலைக்கு வந்த தம்பி, “2 தானே சின்னது, ஏன் ரிப் வழி ரூட்டிங் அட்டவணையிலேயே இல்லை?” என்பார். ஹாப் வேறு, காஸ்ட் வேறு, இரண்டையும் ஒப்பிட வழியில்லை. ஆகவே திசைவி எண்ணைப் பார்ப்பதற்கு முன் சொன்னது யார் என்று பார்க்கிறது. சிஸ்கோ திசைவிகளில் இந்த எண் ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120. சிறியது வெல்லும். அட்டவணையைக் காட்டும் ‘ஷோ ஐபி ரூட்’ கட்டளையைக் கொடுத்தால் [110/40] என்று வருகிறதே, அதில் முதல் எண் இதுதான், இரண்டாவதுதான் அளவை (மெட்ரிக்), இங்கே காஸ்ட். முதல் எண்ணுக்கும் ‘தொலைவு’ என்று பெயர் வைத்தால் அந்தத் தம்பி அதை ஹாப் என்றுதான் படிப்பார். தவிர, ரிப் போன்ற டிஸ்டன்ஸ் வெக்டர் நெறிமுறைகளில் வரும் உண்மையான தொலைவுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது.

இன்னொரு திசைவி நிறுவனமான ஜூனிப்பர் இதையே பிரிஃபரன்ஸ் என்கிறது (ஓஎஸ்பிஎஃப் 10, தனித்தனி நிறுவன வலையமைப்புகளுக்கு இடையே வழி சொல்லும் பிஜிபி 170). சரி, ‘முன்னுரிமை’ என்று வைக்கலாமே என்றால், பிஜிபி தனக்குள் வழிகளை ஒப்பிடப் பயன்படுத்தும் லோக்கல் பிரிஃபரன்ஸ் குறுக்கே வருகிறது. அங்கே பெரிய எண் வெல்லும், இங்கே சிறிய எண். ஒரே சொல் இரண்டுக்கும் ஆகாது.

என் பரிந்துரை ‘நம்பக வரிசை’. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, சின்ன எண் முன்னால் போகும் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. நேரடி இணைப்பு 0, கையால் எழுதிய வழி 1, ஈபிஜிபி (வெளி வலையமைப்பிலிருந்து பிஜிபி கொண்டுவரும் வழி) 20. சிஸ்கோவில் 255 என்றால் அட்டவணைக்குள் நுழையவே முடியாது. ஓஎஸ்பிஎஃப் விழுந்தால் மட்டும் எழும்படி 130 கொடுத்து ஒரு வழியைக் கையால் எழுதி வைக்கிறோமே, அந்த ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக்குக்குப் ‘பின்வரிசை நிலைவழி’ என்ற பெயரும் இதிலிருந்தே கிடைக்கிறது.

விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: ஒரே முன்னொட்டுக்கு, அதாவது 10.20.0.0/16 போன்ற ஒரே முகவரி வரம்புக்கு, போட்டி வந்தால்தான் இந்த வரிசைக்கு வேலை. ரிப் அதற்குள் அடங்கிய 10.20.5.0/24 என்ற சின்ன வரம்பைக் கொண்டுவந்தால் ஓஎஸ்பிஎஃப்பின் /16, ரிப்பின் /24 என்று இரண்டு வழிகளும் அட்டவணையில் ஏறும், குறுகிய வரம்புதான் முதலில் என்பதால் 10.20.5.7-க்குப் போகும் பொட்டலம் (பாக்கெட்) 120 என்றெல்லாம் பார்க்காமல் ரிப் வழியில்தான் போகும். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஒரே தயக்கம்: பட்டியலின் பாதுகாப்புப் பிரிவில் டிரஸ்டுக்கு ‘நம்பகம்’ என்று ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். அது இடிக்கும் என்று நினைப்பவர்களுக்கு, வழி சொன்ன மூலத்தைக் குறிக்கும் ‘மூல வரிசை’ பரவாயில்லையா?