மழைக்காலத்துக்கு இணையதளத்தைப் பிரதி எடுத்து வைக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் பக்கம் மரம் சாயும், கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் அறையில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அதில் டபிள்யூகெட் (wget) என்ற, இணையதளத்தை இறக்கித் தரும் கட்டளைக் கருவி கொண்டு செடிகொடிகள் பற்றிய தளம் ஒன்றை இறக்கி வைத்தேன். மிர்ரர், பேஜ்-ரெக்விசிட்ஸ், கன்வெர்ட்-லிங்க்ஸ் என்று மூன்று ஆப்ஷன் கொடுத்தால் போதும். முழுத் தளமும் அதன் படங்களும் வந்துவிடும், இணைப்புகளும் நம் டிஸ்க்கில் உள்ள பக்கங்களுக்கே போகும். 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கருவி. எல்லாரும் செய்யலாமே?

குன்னூர்_தளம்:
தம்பி, சின்னத் தளம் நடத்துகிறவன் சொல்கிறேன். இணைப்புகளைப் பின்தொடர்ந்து இறக்கும் ரிகர்சிவ் ஆப்ஷனை மட்டும் கொடுத்தால் 5 படியோடு நிற்கும். மிர்ரருக்கு எல்லையே கிடையாது. யாரோ ஒருவர் இரவில் ஓடவிட்டார். என் நாட்காட்டியில் உள்ள ‘அடுத்த மாதம்’ இணைப்பைப் பிடித்துக்கொண்டு 2090 வரை போயிருக்கிறது, ஒவ்வொரு நாளின் பக்கத்தையும் கேட்டபடி. விடியும்போது தளம் படுத்துவிட்டது.

கோத்தகிரிக்காரன்:
வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. வெயிட் 2 என்று கொடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் இடையில் 2 விநாடி பொறுக்கும். நோ-பேரண்ட் கொடுத்தால் கேட்ட பகுதிக்கு மேலே ஏறாது. எந்தப் பக்கங்களைக் கருவிகள் தொடக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் நாட்காட்டியைத் தடுத்து வையுங்கள், டபிள்யூகெட் அதை மதிக்கும்.

கூடலூர்_வாசகி:
இடையில் ஒன்று. பிரவுசரில் ஓடிப் பக்கத்தை நிரப்பும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை வைத்துக் கட்டிய தளம் என்றால் வெறும் கூடுதான் வரும். டபிள்யூகெட் அதை ஓட்டாது. அப்புறம், லினக்ஸில் தமிழ் முகவரி உள்ள பக்கங்கள் எனக்குப் பாதிப் பெயர் சதவீதக் குறியாகச் சிதைந்து இறங்கின. கோப்புப் பெயரில் எந்த எழுத்துகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்-நேம்ஸ் ஆப்ஷனில் நோகன்ட்ரோல் கொடுத்த பிறகுதான் சரியானது.

குன்னூர்_தளம்:
சரி, மெதுவாகவே எடுக்கிறீர்கள். பழசாகிப் போவதற்கு என்ன செய்வீர்கள்? பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறும். போன வருடப் பிரதியைப் பார்த்து ஒருவர் தோட்டத்துக்கு மருந்து கலக்கினால்? நான் தளத்தில் திருத்திவிடுவேன், உங்கள் லேப்டாப்பில் அந்தத் தப்பு அப்படியே இருக்கும். முதலில் நடத்துகிறவரிடம் கேளுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
மருந்து விஷயம் நியாயம். அந்த மாதிரிப் பக்கங்களை இன்றே அழித்துவிடுகிறேன். முதல் பக்கத்தில் எடுத்த தேதியைப் பெரிய எழுத்தில் போடுகிறேன். கேட்டும் எழுதுகிறேன். ஆனால் பதிலே வராத தளமாக இருந்தால் எடுக்கத்தான் செய்வேன் அண்ணா. தளம் மூடிப்போன பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

குன்னூர்_தளம்:
பதில் வரவில்லை என்பது சம்மதம் ஆகாது தம்பி. அதில் நான் மாற மாட்டேன். தேதி போடுவது நல்லது, அதை மறக்காதீர்கள்.