வால் பிரேஸ் கம்பி: இடதுக்கும் வலதுக்கும் 6 மி.மீ. வித்தியாசம், எந்த நீளத்துக்கு ஆர்டர் கொடுப்பது?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்)

வணக்கம். வீட்டுக் கொட்டகையில் ஒற்றை இருக்கை விமானம் கட்டி வருகிறேன். இப்போது வாலை அசையாமல் இழுத்துப் பிடிக்கும் பிரேஸ் கம்பிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஃபின்னிலிருந்து (வாலின் செங்குத்துப் பகுதி) ஸ்டெபிலைசருக்கு (வாலின் கிடைமட்டப் பகுதி) மேலே இரண்டு, ஸ்டெபிலைசரிலிருந்து உடலின் அடிப்பக்கத்துக்கு இரண்டு. வரைபடத்தில் ஸ்ட்ரீம்லைன் கம்பி (காற்றைக் கிழித்துப் போகத் தட்டையாக்கிய கம்பி), 10-32 மரை (அங்குலத்துக்கு 32 சுற்று). நடுக்கோட்டிலிருந்து ஸ்டெபிலைசர் லக் (கம்பியை மாட்டும் ஓட்டையுள்ள தகடு) 600 மி.மீ., ஃபின் லக் உயரம் 450, அதனால் மேல் கம்பி இரு முனையிலும் மாட்டும் பின்னின் (pin) மையம் முதல் மையம் வரை 750. அளந்து பார்த்தால் இடது 753, வலது 747 வருகிறது. வெளிநாட்டில் மரை போட்டு வருகிற சாமான், திருப்பி அனுப்ப முடியாது. அளந்த நீளத்தையே கொடுக்கலாமா? முதுநகர் துறைமுகப் பக்கம் படகுச் சாமான் கடையில் ஸ்டெயின்லெஸ் ஒயர் ரோப் கிடைக்கிறது, அதைப் போட்டாலே போதும் என்கிறார் ஒரு நண்பர்.

பதில் (அரியாங்குப்பம்)

தம்பி, இப்போது எதற்கும் பணம் கட்டாதீர்கள். அளந்தபடியே கம்பி வாங்கினால் வாலில் இருக்கிற கோணல் நிரந்தரமாகிவிடும். எது கோணல் என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் அளவுகளை வைத்தே சொல்கிறேன். ஸ்டெபிலைசர் சாய்ந்து இடது லக் 5 மி.மீ. இறங்கி, வலது 5 ஏறியிருந்தால், இடது மேல் கம்பி 3 கூடும், வலது 3 குறையும். அதே 753, 747. ஸ்டெபிலைசர் மட்டமாக இருந்து ஃபின் லக் வலப்பக்கம் 4 மி.மீ. போயிருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வரும். மேல் கம்பியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. கீழ்க் கம்பிதான் சாட்சி. ஸ்டெபிலைசர் சாய்ந்திருந்தால் இடது கீழ்க் கம்பி குறைந்து வலது கூடும். ஃபின் சாய்ந்திருந்தால் கீழே இரண்டும் சமமாக இருக்கும்.

உடலைக் குறுக்குவாட்டில் மட்டம் வைத்துவிட்டு அளந்து சொல்லுங்கள். சின்ன ரசமட்டத்தை நம்ப வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூப்பை இரண்டு லக்குக்கும் பிடித்தால் ஒரு மில்லி வித்தியாசம்கூடத் தெரியும். டேப்பை ஓட்டை மையத்தில் கண்ணால் வைக்காமல், ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து இன்னொன்றின் இடது விளிம்புக்கு அளங்கள். ஓட்டைகள் ஒரே அளவென்றால் அதுதான் மையத்துக்கு மையம்.

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

ஒயர் ரோப் பற்றி மட்டும் சொல்கிறேன். விமான கேபிளுக்குத் தரச் சான்று உண்டு. 1/8 அங்குலம் 7×19 (7 புரி, புரிக்கு 19 இழை) கால்வனைஸ்டு கேபிள் 2000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ தாங்கும். அதே அளவு ஸ்டெயின்லெஸ் 1760 பவுண்டு. கடை ரோப் எவ்வளவு தாங்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? கேபிளே போடுவதென்றாலும் வடிவமைத்தவரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது. வால் கழன்றால் இறங்க வழியே இல்லை சார்.

கேள்வி கேட்டவர்

அண்ணே, கீழ்க் கம்பி இரண்டும் ஒரு மில்லிக்குள் சமம். டியூப்பிலும் ஸ்டெபிலைசர் மட்டம்தான். ஃபின் லக்கிலிருந்து தூக்குக்குண்டு விட்டேன், நடுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. வலப்பக்கம் விழுகிறது. ஃபின்னின் அடி போல்ட்டைத் தளர்த்தினால் நேராக நிற்கிறது, முடுக்கினால் சாய்கிறது.

பதில் (அரியாங்குப்பம்)

அப்படியென்றால் அடித் தகடு சமமாக உட்காரவில்லை. தகட்டைக் கழற்றி அடியில் விரலால் தடவிப் பாருங்கள், வெல்டிங் பிசிறோ தடித்த பெயின்ட்டோ இருக்கும். கம்பியைப் போட்டு இழுத்து நேராக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இழுப்பு எப்போதும் லக்கிலும் ஃபின் குழாயிலும் இருந்துகொண்டே இருக்கும், அதோடு எஞ்சின் அதிர்வும் சேர்ந்தால் விரிசல் விடும்.

கேள்வி கேட்டவர்

பிசிறேதான், அரத்தால் எடுத்துவிட்டேன். இப்போது இடது 750.5, வலது 749.5. இந்த ஒரு மில்லியை என்ன செய்வது?

பதில் (அரியாங்குப்பம்)

விட்டுவிடுங்கள். 10-32 மரை ஒரு சுற்றுக்கு 0.79 மி.மீ. நகரும். கம்பியின் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை என்பதால் முழுச் சுற்றுக்கு 1.59 வரும். தட்டைக் கம்பியின் மெல்லிய விளிம்பு காற்றை நேராகப் பார்க்க வேண்டும், ஆகவே அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் திருப்ப முடியும், அதாவது 0.79. இரண்டையும் ஒரே நீளத்துக்கு வாங்குங்கள், மிச்சத்தை மரை பார்த்துக்கொள்ளும்.

750 என்பது கம்பி நீளம் இல்லை என்பதை மறக்காதீர்கள். கம்பி முனையை லக்கோடு இணைக்கும் ஃபோர்க் இரண்டையும் முதலில் கையில் வாங்கிவிடுங்கள். துண்டு மரைக்கம்பியை ஃபோர்க்கில் ஏற்றி, மரை போதிய ஆழம் போயிற்றா என்று பார்க்க ஃபோர்க்கில் இருக்கிற சோதனை ஓட்டையைத் தாண்டி இன்னும் சில சுற்று உள்ளே விடுங்கள். ஓட்டையில் மெல்லிய கம்பியைக் குத்தினால் நுழையக் கூடாது. அந்த நிலையில் பின்னின் மையத்திலிருந்து மரைக்கம்பியின் உள்முனை வரை எவ்வளவு என்று அளந்து, இரண்டு ஃபோர்க்குக்கும் சேர்த்து 750-இல் கழித்தால் வருவதுதான் ஆர்டர் நீளம். கீழ்க் கம்பிக்கும் இதே கணக்குதான்.

லக் கம்பியின் திசையிலேயே வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டும்போது மேலும் கீழும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், வீணைத் தந்தி அளவுக்கு இறுக்கம் வேண்டாம். லாக் நட்டைப் பூட்டுவதற்கு முன் சோதனை ஓட்டையில் இன்னொரு முறை குத்திப் பார்த்துவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு மரையில் கிரீஸ் இல்லாமல் விடக் கூடாது.