பண்ணைச் சிப்பிகளின் மரபணு வேறுபாடு: தேர்வா, தற்செயலா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரப் பண்ணைகளில் வளர்க்கப்படும் சிப்பி வகைகள், ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருந்தும், மரபணு அளவில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதாக அறிகிறேன். இவ்வேறுபாடு முழுவதும் தேர்வு இனப்பெருக்கத்தின் (விரும்பிய பண்புள்ளவற்றையே பெற்றோராகத் தேர்ந்து பெருக்குவதன்) விளைவுதானா என்பதை விளக்க இயலுமா?

பதில் 1:
தேர்வின் பங்கு உறுதியானது. 1957இல் டெலவேர் விரிகுடாவில் எம்.எஸ்.எக்ஸ். என்னும் ஒட்டுண்ணி நோய் பரவிச் சிப்பிகள் பெருமளவில் மடிந்த பின்னர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்டு ஹாஸ்கின், பிழைத்தவற்றையே பெற்றோராகக் கொண்டு 1960களில் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார். அவ்வாறு உருவானவை அந்நோயை நன்கு தாங்கின, ஆனால் டெர்மோ என்னும் மற்றொரு நோயை அதே அளவுக்குத் தாங்கவில்லை.

பதில் 2:
ஏற்கிறேன். எனினும், தற்செயலின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு பெண் சிப்பி ஒரே தடவையில் பல லட்சம் முட்டைகளை இடுவதால், மிகச் சில பெற்றோரிடமிருந்தே ஒரு தலைமுறை முழுவதும் வந்துவிட முடியும். அப்போது அரிய மரபணு வடிவங்கள் எவ்விதத் தகுதிக்குறைவுமின்றியே மறைந்துவிடுகின்றன. முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்க்கும் பொரிப்பகத்தில், இளவுயிரிகளைச் சல்லடையில் வடித்து, மெதுவாக வளர்பவற்றைக் கழிப்பதும் யாரும் திட்டமிடாத ஒரு தேர்வே. தற்செயல் ஒவ்வொரு வகையிலும் ஒரே மாதிரி நிகழ்வது அரிது என்பதால், தனித்தனியாக உருவான பல வகைகளில் மரபணுத்தொகையின் (மொத்த மரபணுக்களின்) ஒரே பகுதி ஒரே திசையில் மாறியிருந்தால் மட்டுமே, அதை நான் தேர்வின் தடயமாகக் கொள்வேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், நெருங்கிய உறவுக் கலப்பால் வளர்ச்சி குன்றுவதை எவ்வாறு தவிர்க்கிறார்கள்?

பதில் 2:
வெவ்வேறு வகைகளைத் தம்முள் கலந்தும், ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோர் எண்ணிக்கையை உயர்த்தியும் தவிர்க்கிறார்கள்.