கார் இல்லாமல், முழங்கால் வலியுள்ள அம்மாவோடு: சாட்ஸ்வர்த்தா, ஸ்டவர்ஹெட்டா?

கேள்வி – லண்டன் மகள்

வணக்கம். மே மாதக் கடைசியில் அம்மா லண்டன் வருகிறார். வயது 67. சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார். படிகளைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். பூச்செடிகள் என்றால் பசியை மறந்துவிடுவார். ஆங்கிலேயப் பிரபுக்களின் பழைய தோட்டம் ஒன்றை அவருக்குக் காட்ட ஆசை. என் கணவர் சாட்ஸ்வர்த் என்கிறார், அலுவலகத் தோழி ஸ்டவர்ஹெட் என்கிறாள். எங்களிடம் கார் கிடையாது. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். எதற்குப் போகலாம்?

பதில் – வடக்குவாசி

உங்கள் கணவர் பக்கம் என் ஓட்டு. டெர்பிஷையர் வரை வந்தாலும் வீண் போகாது. சாட்ஸ்வர்த்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், ரஷ்யப் பேரரசர் வருவார் என்று எதிர்பார்த்து 1844இல் ஒரு பெரிய நீரூற்றைக் கட்டினார். பம்பு கிடையாது, மேட்டில் ஏரி வெட்டி, அங்கிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்திலேயே பீறிட வைத்தார். பேரரசர்தான் வரவில்லை. இன்று உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷ் வாழைக்கு அந்த வீட்டுக் குடும்பத்தின் பெயர்தான். அதை 1830களில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்துக் காட்டியவரும் பாக்ஸ்டனே.

பதில் – ஏரிக்கரை

வடக்குவாசி சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் லண்டனிலிருந்து, கார் இல்லாமல், வலிக்கிற முழங்காலோடு, ஒரே நாளில் என்றால் ஸ்டவர்ஹெட்தான். பதினைந்து வருடமாகப் போய்வருகிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் அதிகாரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்லூவில் ரயில் ஏறி டார்செட்டின் கில்லிங்கமில் இறங்குங்கள். சுமார் இரண்டு மணி நேரம். கென்ட்டில் அதே எழுத்துகளில் இன்னோர் ஊர் இருக்கிறது, அதை ஜில்லிங்கம் என்பார்கள். முதல் தடவை நான் அந்த ஊருக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். நிலையத்திலிருந்து தோட்டம் பத்து கிலோமீட்டர். டாக்சியைப் போவதற்கும் வருவதற்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இறங்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

உள்ளே போனதும் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏரி எப்போதும் உங்கள் இடது கைப் பக்கமே இருக்க வேண்டும். பலர் கிராமத்துப் பக்கமாக நுழைந்து, பாலத்தருகே படம் எடுத்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்புகிறார்கள். அந்தத் தோட்டம் நடந்தால்தான் திறக்கும். ஹென்றி ஹோர் என்ற வங்கிக்காரர் 1740களில் தொடங்கிய வேலை அது. பள்ளத்தாக்கை அணை கட்டி ஏரியாக்கினார். கரையைச் சுற்றிக் கட்டடங்களையும் எழுப்பினார். அக்கரையில் ஒரு வெள்ளைத் தூண் மண்டபம் தெரியும். நாலடி நடந்தால் மரங்கள் அதை விழுங்கிவிடும். பார்த்துவிட்டோம் என்று மறந்திருக்கும்போது அதன் வாசலிலேயே நிற்பீர்கள். முதலில் ரோமானியப் பூத்தேவதை ஃப்ளோராவின் கோயில். அதன் வாசல்மேல் லத்தீனில் ஓர் எச்சரிக்கை: 'தகுதியில்லாதவர்களே, விலகிப் போங்கள்'. மிரட்டலைப் பொருட்படுத்தாமல் உள்ளே நடங்கள். அடுத்து இருட்டுக் குகை, அதிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து, 1750களில் ரோமானியக் கோயில் பாணியில் கட்டிய பாந்தியன் மண்டபம். கடைசியில் 1762ஆம் வருடத்துப் பாலம். ஐந்து வளைவுகள். மேலே புல் மூடியிருப்பதால் கரையே எழுந்து நீரைத் தாண்டுவதுபோல் இருக்கும்.

மே கடைசியில் ரோடோடெண்ட்ரான் என்ற பூச்செடி பூத்துக் குலுங்கும். ஹோர் விரும்பியது பச்சையும் நீரும் கல்லும்தான். இந்தப் பூக்களெல்லாம் பின்னால் வந்த தலைமுறைகள் சேர்த்தவை. பழமையில் பிடிவாதமானவர்கள் இதற்காக முனகுவார்கள். உங்கள் அம்மா முனக மாட்டார்.

லண்டன் மகள்

மிக்க நன்றி அண்ணா. படிகள் எங்கே எங்கே இருக்கின்றன?

ஏரிக்கரை

குகைக்குள் இறங்கும் இடம் கரடுமுரடு, வெளிச்சமும் குறைவு. அதைத் தவிர்த்துச் சுற்றிப்போக ஒரு பாதை உண்டு. அப்பல்லோ கோயில் மேட்டின்மேல் இருக்கிறது. அதற்கு அம்மாவை ஏற்ற வேண்டாம், கீழிருந்தே நன்றாகத் தெரியும். ஏற்றத்தைக் குறையுங்கள், ஏரியைச் சுற்றுவதைக் குறைக்காதீர்கள்.

லண்டன் மகள் (ஜூன் முதல் வாரம்)

போய்வந்தோம் அண்ணா. சரியான கில்லிங்கமுக்கே டிக்கெட் எடுத்தோம்.

குகையைச் சுற்றிப்போகலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். உள்ளே சில்லென்று ஊற்று நீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே வெள்ளையாக ஒரு பெண் சிலை, கையில் தலை சாய்த்துத் தூங்குகிறது. அம்மா குரலைத் தாழ்த்தி, "பாவம், ஈரத்திலேயே படுத்திருக்கிறாள்" என்றார். வெளியே வரும்வரை சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

பாந்தியன் வாசலில் "உள்ளே எந்தச் சாமி?" என்று கேட்டார். ஹெர்குலிஸ் என்றேன்.

"பூஜை உண்டா?"

"இல்லை அம்மா, பார்ப்பதற்காகக் கட்டியது."

"பார்ப்பதற்கு மட்டும் ஒரு கோயிலா?" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்பல்லோ மேட்டுக்கு நான் மட்டும் ஏறிவிட்டு வந்தேன். அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குட்டை விரித்து, அதில் ஒரு ரோடோடெண்ட்ரான் பூ. நான் வாயைத் திறப்பதற்குள், "பறிக்கவில்லை, கீழே கிடந்தது" என்றார்.