சொற்பட்டியலா, வாசிப்பா? உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் எதனால் கூடும்?

நூலகப்பூனை:
ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க என்ன வழி என்று யார் கேட்டாலும், "இந்த லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணு" என்று ஒரு கோப்பை நீட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 'உபிக்விட்டஸ்' என்றால் 'எங்கும் நிறைந்த' என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பவரிடம், அதைக் கடவுளுக்குச் சொல்வார்களா, செல்போனுக்குச் சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இலேயே எழுதிவிட்டார். பெருமழைக்கு 'ஹெவி ரெயின்' என்பார்கள். 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் இலக்கணம் இடிக்காது, படிப்பவருக்கு இடிக்கும். எந்தப் பட்டியலில் இதைப் படிப்பீர்கள்? வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வே 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் தூக்கிவிட்டு, வாக்கியத்துக்குள் சொல்லைப் பொருத்தச் சொல்கிறது. படியுங்கள், நிறையப் படியுங்கள். வேறு வழி கிடையாது.

கணக்குப்பிள்ளை:
"நிறையப் படி" என்று சொல்கிறவர்கள் எவ்வளவு என்று மட்டும் சொல்வதே இல்லை, பூனையாரே. நான் சொல்கிறேன். நாவலையோ செய்தித்தாளையோ யார் துணையும் இல்லாமல் படிக்க, அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று விடை வந்தது. குடும்பம் என்றால் ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும். முதல் இரண்டாயிரம், மூவாயிரம் எங்கே திரும்பினாலும் எதிர்ப்படும். அதற்கு மேலே உள்ளதுதான் நாம் பேசும் 'உயர்நிலை'. அந்தச் சொற்களில் ஒன்று ஒரு தடித்த புத்தகத்தில் ஒருமுறை தலைகாட்டினால் உண்டு. அடுத்து எப்போது வருமோ, அதற்குள் மறந்திருக்கும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் தன் நினைவாற்றலையே சோதித்து, மறதி எவ்வளவு வேகமானது என்று அளந்து காட்டினாரே, அது ஆங்கிலத்துக்கு மட்டும் விலக்கா?

இன்னொன்று. இயல்பான வாசிப்பில் தெரியாத சொற்களில் எத்தனை ஒட்டிக்கொள்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1999இல் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 15 சதவீதம்தான். மிச்சம் 85க்கு ஃப்ளாஷ் கார்டு, அதாவது ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய அட்டை வேண்டும். தெரிந்த அட்டையைத் தள்ளித் தள்ளி, தெரியாததை அடிக்கடி பார்க்கிற லைட்னரின் பெட்டி முறை எழுபதுகளிலேயே இருக்கிறது. அட்டைகளைக் கணினியிலேயே இப்படி இடைவெளி விட்டுக் காட்டும் ஆன்கி மென்பொருள் 2006 முதல் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீம்பு.

நூலகப்பூனை:
அந்த 15 சதவீதத்தை நீங்கள் இளப்பமாகச் சொல்கிறீர்கள். கதையில் மூழ்கிப் படிக்கும்போது போனஸாகக் கிடைப்பது அது. மீதிச் சொற்களும் சுவடே இல்லாமல் போய்விடாது. 'எங்கோ பார்த்திருக்கிறேன், ஏதோ திட்டுகிற சொல்' என்ற அளவுக்காவது தங்கும். அடுத்த சந்திப்பில் அது கெட்டிப்படும்.

'ஒருமுறைதான் வரும்' என்பதும் கண்டதையெல்லாம் மேய்பவருக்குத்தான் பொருந்தும். ஒரே ஆசிரியரை அல்லது ஒரே துறையைத் தொடர்ந்து படித்தால் அதே சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். மொழிகற்றல் ஆய்வாளர் ஸ்டீஃபன் கிராஷன் வலியுறுத்துகிற குறுகிய வாசிப்பு இதுதான். கடல் பயணம் பற்றி நான்கு புத்தகம் தொடர்ந்து படித்துப் பாருங்கள். கப்பலின் பாய்மரம் முதல் நங்கூரம் வரை எல்லாம் தானாக வந்து உட்காரும், ஒரு அட்டைகூடத் தேவைப்படாது.

சிவப்பு மை:
ரெண்டு பேரும் படிச்சா புரியற சொல்லைப் பத்தியே பேசறீங்க. எழுதும்போது கைக்கு வர்ற சொல் எங்கே போச்சு? பிறர் எழுதினதைத் திருத்துறது என் பிழைப்பு. நிறையப் படிச்சவங்க எழுத்தும் வரும், லிஸ்ட் உருப்போட்டவங்க எழுத்தும் வரும். முதல் வகை எழுதும்போது அதே ஐந்நூறு சொல்லையே சுத்தும். ரெண்டாவது வகை 'யூஸ்' போதும்கிற இடத்துல எல்லாம் 'யூட்டிலைஸ்' போடும். ரெண்டையும் அடிச்சுத் திருத்தணும்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்ன வயசுல செஞ்சதைத் தன் வரலாற்றுல எழுதியிருக்கார். லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' இதழ்க் கட்டுரைகளை எடுத்து, கருத்தை மட்டும் துண்டு துண்டா குறிச்சுக்கிட்டு, சில நாள் ஒதுக்கி வெச்சு, மூலத்தைப் பார்க்காம சொந்தமா எழுதி, அப்புறம் ஒப்பிட்டார். தன்கிட்ட சொல் கையிருப்பு குறைவுன்னு அப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுது. சில கதைகளைச் செய்யுளா மாத்தினார். சந்தத்துக்காக ஒரே பொருளுக்கு வேற வேற நீளத்துல சொல் தேட வேண்டி வரும் பாருங்க, அதுக்காக. இந்த மாதிரி பயிற்சிக்கு ஆப் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
ஃபிராங்க்ளினுக்கு ஆங்கிலம் தாய்மொழி ஐயா! பாதிச் சொல் அவர் மண்டைக்குள் ஏற்கெனவே இருந்தது, கிளறி எடுத்தார். நமக்கு முதலில் உள்ளே போடவேண்டும். போட்ட பிறகு உங்கள் பயிற்சிக்கு நான் எதிரி இல்லை. அட்டை என்றவுடன் 'சொல் – பொருள்' என்று வறட்டுத்தனமாகவே ஏன் கற்பனை செய்கிறீர்கள்? நான் படித்த வாக்கியத்தையே எழுதி, அந்தச் சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விடுவேன். கூட்டாளிச் சொற்களும் சேர்ந்தே வந்துவிடும்.

சிவப்பு மை:
அப்போ வாசிப்புல இருந்துதான் உங்க அட்டையே வருது. பூனையார் சிரிப்பார்.

புதுசு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். படிக்கும்போது தெரியாத வார்த்தை வந்தா உடனே டிக்ஷனரி பார்க்கலாமா? பார்த்தா கதை ஓட மாட்டேங்குது, பார்க்கலன்னா மனசு ஓட மாட்டேங்குது.

நூலகப்பூனை:
பார்க்காதீர்கள். ஊகித்துக்கொண்டு நகருங்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த ஊகம்தான் ஆபத்து. 'கேள்வியைக் கேட்டதும் அவர் நான்பிளஸ்டாக நின்றார்' என்று ஒரு வரி வருகிறது. திகைத்துப்போனார் என்றும் ஊகிக்கலாம், அசராமல் நின்றார் என்றும் ஊகிக்கலாம். திகைத்தார் என்பதே மூலப்பொருள். ஆனால் அசராமல் என்று ஊகித்த ஆங்கிலேயரும் அமெரிக்கருமே ஏராளம். அவர்களுக்கே அந்தக் கதி.

புதுசு, முதலில் புத்தகத்தைச் சோதியுங்கள். 98 சதவீதம் என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் ஆறு. பதினைந்து, இருபது வந்தால் அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் கழித்து எடுங்கள். ஆறுதான் என்றால் அகராதி பார்ப்பதால் கதை ஒன்றும் நின்றுவிடாது. கற்போருக்கான அகராதியாக வாங்குங்கள். 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதியது. ஒரு கடினச் சொல்லுக்கு இன்னொரு கடினச் சொல்லைப் பொருளாகத் தராது.

நூலகப்பூனை:
பக்கத்துக்கு ஆறு முறை எழுந்து போனால் அதற்குப் பெயர் வாசிப்பா? சரி, இப்படி வைத்துக்கொள்வோம். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அத்தியாயம் முடியும்வரை ஓடுங்கள். முடிந்ததும் கோடு போட்டவற்றில் கதைக்கு முட்டுக்கட்டையாக இருந்தவற்றை மட்டும் பாருங்கள். மற்றதை விடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பார்த்ததை அட்டையில் ஏற்றுங்கள்.

நூலகப்பூனை:
அது உங்கள் பாடு.

சிவப்பு மை:
புதுசு, பார்த்த சொல்லுல ரெண்டே ரெண்டை எடுத்து இன்னிக்கு நீங்க எழுதற மெயில்லயோ குறிப்புலயோ போட்டுப் பாருங்க. தப்பா வந்தா இங்கேயே போடுங்க, திருத்தித் தர்றேன்.