புதுப்பிப்பு: இரண்டு வயதாகியும் பேசாத மகன், பரிசோதனையில் தெரிந்தது
இரண்டு வயதாகியும் மகன் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, எங்கே காட்டுவது என்று மார்ச் மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டி, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை பெறச் சொன்ன யோசனைதான் பலன் தந்தது. அங்கே, 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பார்க்கும் எம்-சாட் வினாத்தாளின் 20 கேள்விகளில் மதிப்பெண் 5 வந்ததால் (3 முதல் 7 வரை வந்தால் தொடர் நேர்காணல் உண்டு) மறுபடி விரிவாக விசாரித்தார்கள்.

எதிர்பாராதது இதுதான்: பிறந்தபோது எடுத்த செவிப் பரிசோதனையில் தேறியிருந்ததால் நாங்கள் காதைச் சந்தேகிக்கவே இல்லை, ஆனால் அவனைத் தூங்க வைத்து எடுத்த பெரா பரிசோதனையில் (ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் தரும் எதிர்வினையை அளப்பது) இரு காதுகளிலும் மிதமான கேட்கும் குறைபாடு தெரிந்தது. காதொலிக் கருவி பொருத்தி ஆறு வாரமாகிறது. கதவு தட்டினால் இப்போது திரும்பிப் பார்க்கிறான். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. ஆட்டிசம் குறித்த மறுமதிப்பீடு மூன்று மாதம் கழித்து.