ஹரப்பா.காம் பற்றிய கட்டுரையில் சோப்புக்கு இடம் உண்டா?

வைகைக்கரை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏதேனும் ஒரு வரலாற்று இணையதளத்தைப் பார்த்துவிட்டு ஐந்து பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். நான் சிந்துவெளி நாகரிகம் பற்றிய ஹரப்பா.காம் தளத்தை எடுத்துக்கொண்டேன். 1995 முதல் இருக்கும் தளம். என்னைவிட வயதில் மூத்தது.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை படங்களின் கீழே இருந்த அளவுகள். பாடப்புத்தகத்தில் அரைப்பக்கத்துக்கு நிற்கும் நடன மங்கை சிலை உண்மையில் 10.5 செ.மீ. உயரம்தானாம். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கையில் படுத்துக்கொள்வாள். யோகி போல ஒருவர் அமர்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற முத்திரை சுமார் 3.5 செ.மீ. சதுரம். அதற்குள் யானை, புலி, காண்டாமிருகம், எருமை, மேலே ஒரு வரி எழுத்து. இத்தனை வருடமாக அதைச் சுவரில் மாட்டும் பலகை அளவுக்குக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

தளம் முழுவதும் ஆங்கிலம். 'ஸ்டியடைட்' என்ற சொல்லில் முட்டி நின்றேன். அகராதியைப் புரட்டினால் மாக்கல்! எங்கள் வீட்டில் பாட்டி வற்றல்குழம்பு வைக்கும் கல்சட்டியும் மாக்கல்தான். "புதுச்சட்டியை ஆணியால் கீறினாலே கோடு விழும், பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிந்துவிடும்" என்றார் பாட்டி. சிந்துவெளிக்காரர்கள் அந்த மெத்தென்ற கல்லில் செதுக்கி, பிறகு சுட்டுக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள்.

நானும் ஒரு முத்திரை செதுக்கிப் பார்க்க நினைத்தேன். கல்லுக்கு எங்கே போவது? குளியல் சோப்பை 3.5 செ.மீ. சதுரமாக அறுத்து, ஊக்கால் ஒற்றைக்கொம்பு விலங்கையும் ஐந்து எழுத்துக்குறிகளையும் செதுக்கினேன். முதல் சோப்பு வீண். முத்திரைக்குப் பதில் அதன் பதிவின் படத்தைப் பார்த்துச் செதுக்கியதால், சப்பாத்தி மாவில் அழுத்தியபோது எல்லாம் இடவலம் மாறி வந்தது. இரண்டாவதில் இடப்பக்கம் தொடங்கி நிதானமாக வந்தேன், ஐந்தாவது குறிக்கு இடமில்லை. வலது ஓரத்தில் நெருக்கித் திணித்தேன். மாவில் அந்த நெருக்கம் இடது ஓரத்தில் விழுந்தது. மறுபடி தளத்தைத் திறந்து பார்த்தால், சில முத்திரைகளின் பதிவுகளிலும் இடது ஓரத்தில் அதே நெருக்கடி! அந்தக் கைவினைஞருக்கும் என்னைப் போலவே இடம் போதவில்லை.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். "சோப்பும் சட்டியும் இருக்கிறது, வரலாறு எங்கே?" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சோப்பை எடுத்துவிட வேண்டுமா? இன்னொன்று: சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்ப்போலாவும் அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி என்கிறார்கள். அது எழுத்தே இல்லை என்று 2004இல் மூன்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். நான் யார் பக்கம் என்று எழுதுவது?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

அம்மா, சோப்பை எடுத்துவிடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். நீங்கள் கண்டது அந்த எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று. தொல்லியலாளர் பி.பி. லால் 1966இல், ராஜஸ்தானில் உள்ள சிந்துவெளி ஊரான காலிபங்கனின் பானை ஓடுகளை வைத்து இதை நிறுவினார். ஓட்டில் கீறும்போது எந்தக் கோடு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், எந்தக் குறி முதலில் வந்தது என்று தெரிந்துவிடும். முதலில் லால், அடுத்து முத்திரைகளில் தெரியும் நெருக்கம், அதன் பிறகு உங்கள் சோப்பு. இப்படி வரிசைப்படுத்தினால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

யார் பக்கம் என்று இரண்டாம் ஆண்டிலேயே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. யார், எந்த ஆண்டு, எதை வைத்துச் சொன்னார் என்று எழுதினால் போதும். 'தளம் சொல்கிறது' என்று எங்கேயும் எழுதாதீர்கள். தளம் எதுவும் சொல்லாது, அதில் எழுதியவர்தான் சொல்கிறார். 'நடன மங்கை' என்பதும் தோண்டியவர்கள் வைத்த பெயர். அவள் ஆடினாள் என்று எழுதிவிட வேண்டாம்.

மேஸ்திரி மகன்:

எல்லோரும் முத்திரையையும் சிலையையும்தான் பார்க்கிறீர்கள். சிந்துவெளிச் செங்கல்லைப் பாருங்கள் தங்கச்சி. 7 × 14 × 28 செ.மீ., அதாவது 1:2:4. நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்த வரிசை குறுக்குவாக்கிலும் வைத்துக் கட்டமுடியும், இணைப்பு நேர்க்கோட்டில் விழாது. அப்பா இன்றைக்கும் அப்படித்தான் கட்டுகிறார். அந்தச் செங்கல்லின் தரத்தால்தான் ஹரப்பாவின் இடிபாட்டு மேடு அழிந்தது என்றும் சொல்லலாம். 1850களில் லாகூர்–முல்தான் ரயில்பாதைக்கு அடியில் கொட்ட, மேட்டிலிருந்து வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். 1921இல் தொல்லியலாளர் தயாராம் சாஹ்னி அங்கே முறையாகத் தோண்டத் தொடங்கியபோது மிச்சம்தான் இருந்தது.

தில்லியில் ஆறு வருடம்:

தேசிய அருங்காட்சியகத்தில் நடன மங்கையை நேரில் பார்த்திருக்கிறேன். முதல் தடவை கண்ணாடிப் பெட்டியைக் கடந்தே போய்விட்டேன், அவ்வளவு சின்னது. பின்பக்கம் போய்ப் பாருங்கள், முடியை முடிந்திருக்கும் விதம் படத்தில் கிடைக்காது. அளவைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

வைகைக்கரை மாணவி:

ஐயா, நன்றி. வரிசையை மாற்றிவிட்டேன். சோப்பு மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. 'தளம் சொல்கிறது' என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தேன், எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டேன். மேஸ்திரி அண்ணா, எங்கள் கொல்லைச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் அளந்தேன்: 9 அங்குல நீளம், நாலரை அகலம். உயரம்தான் அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை, 3 அங்குலம் இருக்கிறது.

திங்கட்கிழமை கொடுக்கிறேன். கல்சட்டியையும் கொண்டுபோய்க் காட்டலாம் என்று கேட்டேன். உடைந்தால் யார் பொறுப்பு என்று பாட்டி மறுத்துவிட்டார். புகைப்படம்தான்.